இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

(சேத்தியாத்தோப்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடலூர் மாவட்டத்தில் மேடை ஏறுகிறவர்கள் வள்ளலாரின் அந்த 'வாடிய பயிர்' வரியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. வலியைப் பற்றிப் பேச வந்தவள் நான். எனக்கு அது இன்னும் வசதி. ஆனாலும் சொல்லப்போவதில்லை. வடலூர் இங்கிருந்து அரை மணி நேரப் பஸ், அந்த வரி உங்களுக்கு மனப்பாடம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டவரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெயர் கேத்லீன் புன்டில்லோ. ஐ.சி.யு. நர்ஸ், பிறகு சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளியில் பேராசிரியர். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் துருவிய கேள்வி ஒன்றுதான்: உயிர் பிழைக்கப் போராடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு, நாம் செய்கிற வைத்தியமே எவ்வளவு வலிக்கிறது?

"நம்ம ஊர் மண்டபத்துல அமெரிக்கா நர்ஸம்மா கதை எதுக்கும்மா?" என்று அழைப்பிதழ் கொடுக்க வந்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக என் கதையில் ஒரு பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நடந்ததில் என் கையும் இருக்கிறது. கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த மாதம். ராத்திரியில், பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் நின்ற கரும்பு டிரெய்லரில் பைக்கோடு போய் மோதியவர். முப்பது வயசு இருக்கும். விலா எலும்பு நாலு முறிந்து, ஒரு பக்கத்து நுரையீரல் சுருங்கி, நெஞ்சில் டியூப், வாயில் டியூப், வென்டிலேட்டர். பேச முடியாது. கை இரண்டையும் கட்டிலோடு கட்டியிருந்தோம், டியூபைப் பிடுங்கிவிடக் கூடாதென்று.

படுத்தே கிடக்கிறவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும், நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். நர்சிங் படிப்பில் முதல் வருஷமே வருகிற பாடம். நான் தோள்பட்டையில், இன்னொரு சிஸ்டர் இடுப்பில், அட்டெண்டர் அண்ணன் அடியில் கிடக்கும் துணியின் மறுமுனையில். ஒன்று, இரண்டு, மூன்று. புரட்டியதும் வென்டிலேட்டர் கத்தும். கத்தினால் அலாரத்தை அணைப்போம். அவருடைய வலது கால் கட்டைவிரல் மடங்கி, போர்வையின் ஓரத்தைக் கவ்விக்கொள்ளும். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போர்வையை விடுவித்துச் சரிசெய்தேன். கேஸ் ஷீட்டில், "இடப்பக்கம் திருப்பப்பட்டது" என்று நேரம் போட்டு எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று டாக்டர்கள் பாராட்டுவார்கள்.

தூங்குவதற்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. தூக்கம் வேறு, வலி அடங்குவது வேறு. அதைப் படித்து, பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன்.

ஆறாம் நாள் வாயிலிருந்து டியூபை எடுத்தார்கள். குரல் கட்டிப்போய் இருந்தது. "எப்படிண்ணே இருக்கு?" என்றேன். அவர் சொன்னார்: "சிஸ்டர், நீங்க மூணு பேரு ஒண்ணாச் சேந்து வந்தாலே எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போவும். செவுத்துல கடியாரத்தப் பாத்துக்கிட்டே கெடப்பன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

பல வருஷம் கழித்து, பாடம் எடுக்க வந்த பிறகு, புன்டில்லோவின் 1990-ஆம் வருஷக் கட்டுரையைப் படித்தேன். ஐ.சி.யு.வில் இருந்து மீண்ட 24 பேரிடம் போய் உட்கார்ந்து, உள்ளே இருந்தபோது வலித்ததா, எப்படி வலித்தது என்று கேட்டிருக்கிறார். 63 சதவீதம் பேர், வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தது என்றார்கள். வாயில் டியூப் இருந்ததால் சொல்ல முடியாமல், கண்ணாலும் காலாலும் நர்ஸைக் கூப்பிடப் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. இருபத்து நாலே பேர். பெரிய கருவி எதுவும் இல்லை. போய்க் கேட்டது மட்டும்தான். எனக்குக் கடிகாரம் பார்த்துக் கிடந்தவர் நினைவுக்கு வந்தார். அவரை நான் கேட்டது ஆறாம் நாள், அதுவும் உபசாரத்துக்கு.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய வேலை. அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கத்தின் துணையோடு 'தண்டர் திட்டம் இரண்டு' என்று ஓர் ஆய்வு. முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. 6,201 நோயாளிகள். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று பல ஆஸ்பத்திரிகளில் அங்கங்கே டியூட்டி பார்க்கும் நர்ஸ்களே தகவல் சேகரித்தார்கள். தினமும் செய்கிற ஆறு வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். புரட்டிப் படுக்கவைப்பது, மூச்சுக்குழாயில் சளி உறிஞ்சுவது, புண்ணுக்கு டிரஸ்ஸிங் மாற்றுவது, புண்ணில் வைத்த வடிகுழாயை எடுப்பது, தொடை இடுக்கில் ரத்தக்குழாய்க்குள் போட்ட குழாயை எடுப்பது, பெரிய நரம்பில் லைன் போடுவது. 0-இல் தொடங்கி 10 வரை வலிக்கு எண் சொல்லச் சொன்னார்கள்.

இந்த ஆறில் பெரியவர்களுக்கு அதிகம் வலித்தது எது? மாணவர்களை வகுப்பில் கேட்டால் பெரிய நரம்பு லைன் என்பார்கள், ஊசி தடியாக இருக்கும் என்பதால். விடை, புரட்டிப் படுக்கவைப்பது. பத்துக்குச் சராசரியாக 5-ஐ ஒட்டி வந்தது. ஊசி இல்லை, கத்தி இல்லை, டாக்டர் கையெழுத்து இல்லை. 'வலி தரும் சிகிச்சை' என்று யாரும் பட்டியலில் சேர்க்காத வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை.

அதே ஆய்வின் இன்னொரு பகுதி அடுத்த வருஷம் வந்தது. இந்த வேலைகளுக்கு முன்னால் வலிமருந்து கொடுத்தார்களா என்று பார்த்ததில், 63 சதவீதம் பேருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. மார்பின் வகை மருந்து கிடைத்தது 20 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு. 63 என்றதும் சிதம்பரத்துக்காரர்களுக்கு நாயன்மார் வரிசை நினைவுக்கு வரும். எனக்கு இப்போதெல்லாம் இந்த இரண்டு 63-களும்தான் வருகின்றன.

இது அமெரிக்காவில், மருந்து அலமாரி நிறைந்திருந்த இடத்தில். நம் கதை வேறு. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் மார்பின் வாங்கி வைப்பதே பெரும்பாடாகிப்போனது. பல லைசென்ஸ், தனிப் பதிவேடு, இரட்டைப் பூட்டு. அபினுக்கான கசகசாச் செடியைச் சட்டப்படி பயிரிட்டு உலகத்துக்கே அனுப்புகிற நாடு இது. நம் நோயாளிக்கு மட்டும் கிடைக்காது. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2015-இல் மார்பின், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகளை 'அத்தியாவசிய' வரிசையில் சேர்த்து, நாடு முழுவதும் ஒரே விதி என்றார்கள். காகிதத்தில் கதவு திறந்தது. வார்டில் இன்னும் சாவி யாரிடம் என்று தேடுகிற ராத்திரிகள் உண்டு. சாவி கிடைத்தாலும், எழுதிக் கொடுக்கிற கை தயங்கும். கேட்கிற வாயும் தயங்கும். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கு டாக்டரை எழுப்புவதா" என்று நான் எத்தனை ராத்திரி போனை எடுத்து, திரும்ப வைத்திருக்கிறேன் தெரியுமா?

சரி, பேச முடியாதவரிடம் பத்துக்கு எத்தனை என்று எப்படிக் கேட்பது? இதற்குப் பதில் கியூபெக்கில் இருந்து வந்தது. செலின் ஜெலினா என்கிற நர்ஸ் ஆராய்ச்சியாளர், புன்டில்லோவையும் சேர்த்துக்கொண்டு, 105 இதய அறுவை நோயாளிகளிடம் சோதித்து 2006-இல் வெளியிட்ட அளவுகோல். முதலில் பிரெஞ்சில் உருவாக்கியது. சி.பி.ஓ.டி. என்பார்கள். இதை மேடையிலேயே செய்து காட்டிவிடுகிறேன், ஊர்க்காரர்களும் பாருங்கள், ஐ.சி.யு.வில் உங்கள் வீட்டு ஆள் கிடந்தால் பயன்படும்.

முகத்தைப் பாருங்கள். சாதாரணமாக இருந்தால் 0. புருவம் சுருங்கி நெற்றி மடிந்தால் 1. அதோடு கண்ணை இறுக மூடிக்கொண்டால் 2. அடுத்து உடம்பு. அசையாமல், அல்லது இயல்பாகக் கிடந்தால் 0. வலிக்கிற இடத்துக்கு மெல்லக் கையைக் கொண்டுபோனால் 1. டியூபை இழுப்பது, எழப் பார்ப்பது, கை காலை உதறுவது 2. மூன்றாவது, கையை நீங்களே மடக்கிப் பாருங்கள். இலேசாக மடங்குகிறதா, முறுக்கிக்கொள்கிறதா, மடக்கவே விடவில்லையா. நான்காவது, வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா. இருமல் வந்து அலாரம் அடித்துத் தானாக நின்றால் 1. மெஷினோடு மல்லுக்கட்டினால் 2. டியூப் இல்லாதவருக்கு இதற்குப் பதில் முனகல், அழுகை. மொத்தம் 8. கூட்டினால் 3 வந்தாலே வலி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஏதாவது செய்யலாம்.

நான் அணைத்த அலாரம் இதில் ஒரு வரி. நான் போர்வையை விடுவித்த அந்தக் கட்டைவிரலும் இதில்தான் எங்கோ இருக்கிறது.

ஒரு விஷயம் இங்கே வந்திருக்கும் நர்சிங் மாணவர்களுக்கு. பல்ஸ் ஏறினால்தான் வலி, பி.பி. ஏறினால்தான் வலி என்று மானிட்டரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது பார்க்கச் சொல்லும் சைகை, அவ்வளவுதான். காய்ச்சலுக்கும் ஏறும், பயத்துக்கும் ஏறும். கடும் வலியில் ஏறாமலும் இருக்கும். 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதைத் திட்டமாகச் சொல்கிறது. எழுதியவர்களில் புன்டில்லோவும் ஜெலினாவும் உண்டு. நோயாளியால் சொல்ல முடியாதபோது குடும்பத்தாரிடம் கேட்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஐ.சி.யு. கதவுக்கு வெளியே பாய் விரித்துக் கிடக்கும் அம்மாவை, "பார்வையாளர் நேரம் முடிஞ்சிது, கெளம்புங்க" என்று விரட்டிய நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும். "எம்புள்ளைக்கு நோவு வந்தா கீழ் உதட்டக் கடிப்பான்" என்று அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது ரொம்பத் தாமதமாக.

2020-இல் உலக வலி ஆய்வுச் சங்கம் வலிக்கான தன் பழைய வரையறையைத் திருத்தியது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீநிவாச ராஜா. ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லை என்று ஆகாது. இந்தக் கருத்தை வரையறையோடு சேர்த்தே எழுதிவைத்தார்கள்.

இனி மருந்து கொடுக்கும் நேரம் பற்றி. புன்டில்லோவின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், சின்ன ஆய்வு. நெஞ்சுக் குழாயை உருவி எடுப்பது கொடுமையான வலி. பிறகு 2014-இல் அவர் தலைமையில் வந்த பன்னாட்டு ஆய்வில், 28 நாடுகளில் 3,851 பேரிடம் கேட்டபோது, மிகவும் வலித்த வேலைகளில் இது முன்வரிசையில் இருந்தது. டாக்டர் வருவார், தையலை வெட்டுவார், "மூச்சைப் பிடிங்க" என்பார், உருவுவார். ஒரு நிமிஷ வேலை என்பதால் மருந்து எதற்கு என்று விட்டுவிடுவோம். புன்டில்லோவும் இன்னொருவரும் 74 இதய அறுவை நோயாளிகளுக்கு, ஒரு பகுதியினருக்கு 4 மில்லிகிராம் மார்பின், மற்றவர்களுக்கு 30 மில்லிகிராம் கீட்டோரோலாக் என்று நரம்பில் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து உச்சத்துக்கு வருகிற நேரம் பார்த்துக் குழாயை எடுத்தார்கள். இரண்டு மருந்திலும் வலி குறைவாகவே இருந்தது, மயக்கமும் பெரிதாக இல்லை. 2004-இல் வந்த கட்டுரை. அதாவது விலை உயர்ந்த மருந்து வேண்டாம், புது மெஷின் வேண்டாம். சோறு வடிக்கிறவளுக்கு உலை கொதிக்கிற நேரம் தெரிவதுபோல, போட்ட மருந்து எப்போது வேலை செய்யும் என்று தெரிந்து, அதற்குப் பிறகு கையை வைக்க வேண்டும். ஊசி போட்ட கையோடு டிரஸ்ஸிங்கைப் பிரிக்கிற அவசரம் நம் எல்லா வார்டிலும் உண்டு. மருந்து எழுதியாகிவிட்டது, கொடுத்தாகிவிட்டது, பதிவும் ஆகிவிட்டது; வலி மட்டும் அப்படியே.

தாகத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்திருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று போர்டு மாட்டிவிட்டுப் போய்விடுவோம். அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். குளிர்ந்த சுத்தநீரை வாயில் தெளிப்பது, ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைப்பது, உதட்டுக்கு மென்தால் கலந்த பூச்சு. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்வதை வழக்கமான கவனிப்போடு 252 நோயாளிகளிடம் முறைப்படி ஒப்பிட்டு, தாகமும் வாய் வறட்சியும் குறைகிறது என்று 2014-இல் காட்டினார்கள். நம் ஊர்க் கிழவிகள் கைக்குட்டையை நனைத்து ஒளித்து எடுத்துவந்து செய்வதும், நாம் பிடித்துத் திட்டுவதும் இதைத்தான். அவர்கள் தண்ணீர் சுத்தமா என்பது கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். நோயாளி தண்ணீர் கேட்டது தப்பில்லை.

இவ்வளவையும் இந்த ஊரில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சிதம்பரம், விருத்தாசலம், கும்பகோணம், நெய்வேலி என்று நாலு திசைக்கும் ரோடு பிரிகிற இடம் இது. விபத்து நமக்குப் புதிதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்துக்குப் பிறகு, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை. 108 ஆம்புலன்ஸில் ஏற்றினால் புவனகிரி வழியாக அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறார்கள். முன்பென்றால் வழியிலேயே உயிர் போயிருக்கக்கூடியவர்கள் இப்போது ஐ.சி.யு.வில் கண் திறக்கிறார்கள். நல்லது. அப்படியானால் புரட்டிப் படுக்கவைக்கப்படுகிறவர்களும் கூடுகிறார்கள்.

ஆனால் நம் முதுகலை நர்சிங் மாணவர்கள் எதை ஆராய்கிறார்கள்? அறுபது பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து, ஒரு வகுப்பு எடுத்து, திரும்ப அதே கேள்வித்தாள் கொடுத்து, 'அறிவு மேம்பட்டது' என்று முடித்து, கறுப்பு அட்டை பைண்டிங்கில் தங்க எழுத்து போட்டு நூலகத்தில் வைக்கிறோம். வைக்கிறோம் என்று என்னையும் சேர்த்தேதான் சொல்கிறேன். நானும் அப்படிப் பல கட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலூரில் 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய மாநிலம் இது. சிதம்பரத்திலேயே நர்சிங் கல்லூரி இருக்கிறது. படிப்புக்குக் குறைவில்லை. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்கிற பழக்கம்தான் இல்லை.

கேட்டாலும் எண்ணில் கேட்கிறோம். ஒரு பாட்டியிடம், "பத்துக்கு எத்தன பாட்டி?" என்றேன். "படிச்ச புள்ள நீ, நீயே ஒண்ணு போட்டுக்க" என்றார். "சரி, எப்படி நோவுது?" என்றதும் கொட்டிவிட்டார்: "மொதல்ல சுருக்குனு குத்திச்சி, அப்பறம் கொடையிது, ராவானா விண்ணு விண்ணுனு தெறிக்கிது." நான் கேஸ் ஷீட்டில் "வலி உள்ளது" என்று எழுதினேன். மூன்று வலியும் ஒரே வலியாகிப்போனது. குத்துவதற்கும் குடைவதற்கும் தெறிப்பதற்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும். புண்ணில் சீழ் கட்டினால் விண்ணென்று தெறிக்கும் என்பது அந்தப் பாட்டிக்கும் தெரியும்.

1975-இல் கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்கிற உளவியலாளர் வலிச் சொற்களாகச் சேர்த்து ஒரு வினாப்பட்டியல் செய்தார். 78 சொற்கள். உலகம் முழுக்க அதை மொழிபெயர்த்துப் பயன்படுத்துகிறார்கள். நான் மொழிபெயர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, நம் ஆட்கள் வாயில் வருவதை அப்படியே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கடுப்பு, குடைச்சல், உளைச்சல், பிடிப்பு, இசிவு, எரிச்சல், பிசைவது, மதமதப்பது, ஊமைக் குத்து. நெல் அறுக்கிற பெண்களுக்கு இடுப்பு 'கழண்டு' போகிறது. கரும்பு வெட்டுகிறவருக்குத் தோள் 'இத்து' விழுகிறது. பிரசவமான ஒரு பெண் "நோவு எடுக்குது" என்றாள், "நோவுது" என்றாள், இரண்டும் வேறு என்று எனக்கு விளக்கவும் செய்தாள். விருத்தாசலம் பக்கம் சொல்கிற சொல் கிள்ளைப் பக்கம் வேறாக இருக்கிறது. இதுவரை 54 சேர்ந்திருக்கின்றன.

இந்த அறக்கட்டளையின் சார்பில் வருஷா வருஷம் ஒரு நர்சிங் மாணவருக்குப் பரிசு தருகிறார்கள். அதிக மார்க் வாங்கியவருக்கு என்று விதி. அடுத்த வருஷத்திலிருந்து, புரட்டுவதற்கு முன்னால் மருந்து கொடுத்து, இருபது நிமிஷம் காத்திருந்து, புரட்டிய பிறகு முகத்தைப் பார்த்து எண் எழுதிய மாணவருக்குத் தரலாமா என்று அறங்காவலர்களிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

நோட்டை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். வாசலில், சுண்டலும் காபியும் வைத்திருக்கும் மேசையில் இருக்கும். உங்கள் வீட்டில் வலிக்குச் சொல்கிற சொல் அதில் இல்லையென்றால் எழுதிவிட்டுப் போங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள்.